சூட்டைத் தணித்தால் திறன் பெருகும்

சைக்கிளுக்குக் காற்று அடித்திருக்கிறீர்களா? அடித்து முடித்தவுடன் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். சுடும். பிஸ்டன் உராய்வதால் சுடுகிறது என்று பலர் நினைப்பார்கள். உராய்வும் ஒரு காரணம்தான். ஆனால் சிறிய காரணம். பெரிய காரணம் வேறு. வாயுவை வேகமாக அமுக்கினால் அது சூடேறும். நாம் கையால் செய்த வேலை, காற்றின் வெப்பமாக மாறுகிறது.

பம்பின் இந்தச் சிறு சூடு, உலகப் புகழ் பெற்ற ஒரு காரின் என்ஜினை வடிவமைத்தவர்களைப் பல ஆண்டுகள் திண்டாட வைத்தது. அந்தக் கார் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் செய்யப்படும் போர்ஷே 911. அதன் என்ஜினிலிருந்து மேலும் மேலும் திறனைப் பெற முயன்றபோதெல்லாம் வெப்பம் குறுக்கே வந்து நின்றது. அதை அவர்கள் எப்படிப் படிப்படியாக வென்றார்கள் என்பதைப் பார்ப்போம். நீங்கள் வகுப்பில் படித்த வாயு விதிகள் இங்கே உயிர் பெற்று எழுவதைக் காண்பீர்கள்.

என்ஜினின் உணவு எது?

கார் எதனால் ஓடுகிறது என்று கேட்டால் 'பெட்ரோலால்' என்று உடனே சொல்வீர்கள். அது பாதி விடை. பெட்ரோல் எரிய ஆக்சிஜன் வேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் முழுவதும் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. பெட்ரோலை வேண்டிய அளவு ஊற்றிவிடலாம், அது திரவம். காற்றை உள்ளே கொண்டுவருவதுதான் கடினம். ஆகவே ஓர் என்ஜினின் திறன், அது எவ்வளவு காற்றை விழுங்குகிறது என்பதைப் பொறுத்தது.

ஒரு கணக்குப் போடுவோம். 3 லிட்டர் கொள்ளளவுள்ள என்ஜின் ஒன்று நிமிடத்துக்கு 5,500 முறை சுழல்கிறது. நான்கு வீச்சு என்ஜினில் இரண்டு சுழற்சிக்கு ஒரு முறைதான் ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை உறிஞ்சும். எனவே ஒரு சுழற்சிக்கு 1.5 லிட்டர். நிமிடத்துக்கு 8,250 லிட்டர், அதாவது 8.25 கன மீட்டர். ஒரு கன மீட்டர் காற்றின் நிறை சுமார் 1.2 கிலோ. ஆக, நிமிடத்துக்கு 9.9 கிலோ காற்று.

இந்தக் காற்று 0.67 கிலோ பெட்ரோலை எரிக்கும். ஒரு கிலோ பெட்ரோலிலிருந்து சுமார் 44 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். எனவே நிமிடத்துக்கு 29.6 மெகாஜூல், நொடிக்கணக்கில் சொன்னால் 494 கிலோவாட். இதில் பயனுள்ள வேலையாக மாறுவது 30 சதவீதம் என்று கொள்வோம். 148 கிலோவாட் கிடைக்கிறது. ஒரு குதிரைத்திறன் 735.5 வாட் என்பதால் இது சுமார் 200 குதிரைத்திறன்.

1976ஆம் ஆண்டு மாடலான 3 லிட்டர் போர்ஷே 911 கரேரா காரின் திறன் எவ்வளவு தெரியுமா? அதுவும் 200 குதிரைத்திறன்தான்! தாளில் போட்ட எளிய கணக்கு உண்மைக்கு இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது.

மீதி 70 சதவீதம் எங்கே போயிற்று?

இதுதான் நாம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி. 494இல் 148 போக 346 கிலோவாட் வெப்பமாகிவிட்டது. ஏறத்தாழ பாதி புகையோடு வெளியேறும். மறு பாதி சிலிண்டர் சுவரிலும், அதன் தலைப்பகுதியிலும், பிஸ்டனிலும், எண்ணெயிலும் ஏறும். ஒரு கிலோவாட் மின்அடுப்புகளில் நூற்றைம்பதுக்கு மேல் ஒரு சிறு அறைக்குள் அடைத்து, எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றியதுபோல என்று கற்பனை செய்துகொள்ளுங்கள்!

எரியும் வாயுவின் வெப்பநிலை 2,000 டிகிரி செல்சியசுக்கும் மேல். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். பிஸ்டனோ அலுமினியக் கலவையால் ஆனது. பின் ஏன் அது உருகவில்லை? இரண்டு காரணங்கள். முதலாவது, அந்த உச்ச வெப்பம் கண நேரமே நிலைக்கிறது. இரண்டாவது, உலோகத்தை ஒட்டி ஒரு மெல்லிய, ஓரளவு குளிர்ந்த வாயுப் படலம் போர்வைபோல் படிந்திருக்கிறது. அதையும் தாண்டி வரும் வெப்பத்தை உடனுக்குடன் வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சற்றே தாமதித்தாலும் ஆபத்து.

காற்றால் குளிர்வித்தல்

பெரும்பாலான கார்களில் இந்த வேலையை நீர் செய்கிறது. போர்ஷே 911 தொடக்கத்தில் அப்படி இருக்கவில்லை. 1963இல் அது முதன்முதலாகக் காட்சிக்கு வைக்கப்பட்டபோதே, காற்றால் குளிரும் ஆறு சிலிண்டர் என்ஜின் அதன் பின்புறத்தில் இருந்தது. மோட்டார் சைக்கிள் என்ஜினைச் சுற்றி மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பரப்பு கூடினால் வெப்பம் விரைவாக வெளியேறும். அந்த 911இன் சிலிண்டர்களிலும் அதே துடுப்புகள் இருந்தன. மோட்டார் சைக்கிளுக்கு எதிர்க்காற்று போதும். 911இன் என்ஜின் பின்பக்கம் மூடிக்குள் இருப்பதால், பெல்ட்டால் சுழலும் ஒரு பெரிய விசிறி காற்றை அதன் மேல் வீசியது. மசகு எண்ணெயும் கணிசமான வெப்பத்தைச் சுமந்து சென்று தனிக் குளிர்விப்பானில் இறக்கி வைத்தது.

நீர் இல்லை, எனவே உறைவதில்லை, கொதிப்பதில்லை, ஒழுகுவதில்லை. எடையும் குறைவு. முதல் 911இன் திறன் 130 குதிரைத்திறன். அதற்கு இந்த ஏற்பாடு தாராளமாகப் போதும்.

டர்போ வந்தது

திறனைக் கூட்ட என்ன வழி? பெரிய என்ஜின் செய்யலாம். அல்லது அதே என்ஜினுக்குள் அதிகக் காற்றைத் திணிக்கலாம். வீணாகப் போகும் புகையைக் கொண்டே இதைச் செய்யலாம் என்று 1905இல் காப்புரிமை பெற்றவர் சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி. புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றும். அதே அச்சின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும். இதைத்தான் டர்போ என்கிறோம்.

போர்ஷே இதை முதலில் பந்தயக் களத்தில் கற்றுக்கொண்டது. 1973இல் வட அமெரிக்காவில் நடந்த கேன்-ஆம் பந்தயத் தொடரை வென்ற 917/30 காரில், காற்றால் குளிரும் 5.4 லிட்டர், 12 சிலிண்டர் என்ஜின் இரண்டு டர்போக்களுடன் சுமார் 1,100 குதிரைத்திறன் தந்தது. 1974இல் டர்போ பொருத்திய ஒரு 911, பிரான்சு நாட்டின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தது. டர்போ உள்ள என்ஜினின் கொள்ளளவை 1.4ஆல் பெருக்கிக் கணக்கிட வேண்டும் என்பது அன்றைய பந்தய விதி. 3 லிட்டர் வரம்புக்குள் அடங்குவதற்காக அதன் என்ஜினை 2,142 கன சென்டிமீட்டராகச் சுருக்கினார்கள். 1.4ஆல் பெருக்கிப் பாருங்கள். வரம்புக்குச் சற்றே கீழே நிற்கும்.

1975இல் சாலையில் ஓடும் 911 டர்போ விற்பனைக்கு வந்தது. 3 லிட்டர் என்ஜின். வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் 0.8 பார் அழுத்தத்தில் காற்று உள்ளே போயிற்று. திறன் 260 குதிரைத்திறன்.

இங்கே உங்களுக்கு ஒரு சந்தேகம் வர வேண்டும். வெளியே 1 பார், உள்ளே 1.8 பார். அப்படியானால் 1.8 மடங்கு காற்று போயிருக்க வேண்டும். 200 குதிரைத்திறன் 360 ஆகியிருக்க வேண்டுமே! 260தான் வந்தது. ஏன்?

சைக்கிள் பம்பு திரும்பவும் வருகிறது

விடை உங்கள் சைக்கிள் பம்பில் இருக்கிறது. அமுக்கினால் காற்று சூடேறும். சூடேறினால் விரியும். விரிந்தால் அடர்த்தி குறையும். திணித்த பயனில் ஒரு பகுதியைச் சூடு தின்றுவிடும்.

எண்ணால் பார்ப்போம். வெளிக்காற்று 30 டிகிரி செல்சியஸ், அதாவது 303 கெல்வின் என்று கொள்வோம். அதை 1.8 மடங்கு அமுக்கினால், வெப்பம் வெளியே போகாத நிலையில் 85 டிகிரி ஆகும். எந்த அமுக்கியும் முழுத் திறமையுடன் வேலை செய்யாது. அது 70 சதவீதத் திறமை உள்ளது என்றால் காற்று 110 டிகிரியைத் தொடும். அதாவது 383 கெல்வின்.

வாயுவின் அடர்த்தி அழுத்தத்துக்கு நேர் விகிதத்திலும், கெல்வின் வெப்பநிலைக்கு எதிர் விகிதத்திலும் இருக்கும் என்று படித்திருக்கிறீர்கள். ஆகவே,

அடர்த்தி மடங்கு = 1.8 × 303 ÷ 383 = 1.42

80 சதவீதம் கூடும் என்று நினைத்தோம். 42 சதவீதம்தான் கூடியது. கிட்டத்தட்டப் பாதி பறிபோய்விட்டது!

சூடான காற்று செய்யும் தீமை இத்துடன் நிற்கவில்லை. சிலிண்டருக்குள் போன காற்றைப் பிஸ்டன் மறுபடியும் அமுக்குகிறது. அப்போது அதன் கெல்வின் வெப்பநிலை ஏறத்தாழ இரு மடங்காகும். நுழையும்போது 50 டிகிரி அதிகமாக இருந்தால், மேலே போய்ச் சேரும்போது அது சுமார் 100 டிகிரி அதிகமாகிவிடும். தீப்பொறி பற்றியதும் தீ ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் பரவ வேண்டும். அந்தத் தீ வந்து சேரும் முன்பே, மூலையில் காத்திருக்கும் பெட்ரோல் கலவை சூடு தாங்காமல் தானே வெடித்துவிட்டால்? 'டக் டக்' என்று சுத்தியல் அடிப்பதுபோல் சத்தம் கேட்கும். இதை 'தட்டுதல்' என்பார்கள். அந்த அதிர்ச்சி அலை, பிஸ்டனைக் காத்துவந்த மெல்லிய வாயுப் போர்வையைக் கிழித்தெறியும். பிறகு அலுமினியம் நேராகத் தீயில் நிற்கும். சில நொடிகளில் பிஸ்டனில் ஓட்டை விழுந்துவிடலாம்.

இதற்குப் பயந்துதான் 1975ஆம் ஆண்டு டர்போவில் அமுக்க விகிதத்தை 6.5 என்று மிகத் தாழ்வாக வைத்தார்கள். அமுக்க விகிதம் தாழ்ந்தால் வெப்பத்தை வேலையாக மாற்றும் திறமையும் தாழும். 1.42 மடங்கு கணக்குப்படி 280க்கு மேல் வர வேண்டிய திறன் 260இல் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

1978: வழியில் ஒரு குளிர்விப்பான்

தீர்வு எளிமையானது. டர்போவுக்கும் சிலிண்டருக்கும் இடையே ஒரு குளிர்விப்பானை வைத்து, அமுங்கிய காற்றின் சூட்டை எடுத்துவிட்டால்? உருவில் இது ரேடியேட்டர் போன்றது. குழாய்களுக்குள் என்ஜினுக்குப் போகும் சூடான காற்று. வெளியே சாதாரணக் காற்று. இரண்டும் கலப்பதில்லை. வெப்பம் மட்டும் சுவரைக் கடக்கிறது.

110 டிகிரிக் காற்றை இப்படி 60 டிகிரிக்கு, அதாவது 333 கெல்வினுக்கு இறக்கிவிட்டதாக வைத்துக்கொள்வோம்.

அடர்த்தி மடங்கு = 1.8 × 303 ÷ 333 = 1.64

அழுத்தத்தைச் சிறிதும் கூட்டவில்லை. ஆனால் முன்னைவிட 15 சதவீதம் அதிகக் காற்று! தட்டும் அபாயமும் குறைந்தது.

1978ஆம் ஆண்டின் 911 டர்போவில் இதைச் செய்தார்கள். குளிர்விப்பானை வைக்க இடம் வேண்டுமே? காரின் பின்புறத்தில் உள்ள இறக்கைக்குக் கீழே வைத்தார்கள். அதற்காக இறக்கையின் வடிவத்தையே மாற்றினார்கள். கூடவே என்ஜினை 2,994இலிருந்து 3,299 கன சென்டிமீட்டராகப் பெருக்கினார்கள். அமுக்க விகிதம் 7.0 ஆக உயர்ந்தது. காற்றழுத்தம் பழைய 0.8 பார்தான். திறன் 300 குதிரைத்திறன் ஆயிற்று. சக்கரத்தைத் திருப்பும் முறுக்குவிசை 343 நியூட்டன் மீட்டரிலிருந்து 412 ஆயிற்று.

இதில் குளிர்விப்பானின் பங்கு எவ்வளவு? முறுக்குவிசை 20 சதவீதம் கூடியது. கொள்ளளவு 10 சதவீதம் கூடியது. கொள்ளளவால் வந்ததைக் கழித்தால் மீதி சுமார் 9 சதவீதம். குளிர்ந்த காற்றும், அது தைரியம் கொடுத்ததால் உயர்ந்த அமுக்க விகிதமும் சேர்ந்து தந்த பரிசு அது. நம் கணக்கில் வந்த 15 சதவீதம் முழுவதும் கிடைக்கவில்லை. குளிர்விப்பானின் குறுகிய வழிகளில் நுழைந்து வரும்போது காற்று சிறிது அழுத்தத்தை இழந்துவிடும். இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை!

நீரின் துணை

1976இல் பந்தயத்துக்கென்று செய்த 935 என்னும் காருக்கு வேறொரு தொல்லை வந்தது. அதன் குளிர்விப்பான் பெரியது. என்ஜின் மூடிக்குள் அடங்கவில்லை. சாலைக் காரின் மூடி மாறாமல் பொருந்த வேண்டும் என்று விதியைக் காட்டினார்கள் பந்தய அதிகாரிகள். பருவத்தின் நடுவில் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. அமுங்கிய காற்றை வெளிக்காற்றால் குளிர்விக்காமல் நீரால் குளிர்வித்தார்கள்.

நீர் ஏன்? ஒரு லிட்டர் நீரை 10 டிகிரி சூடேற்ற 42 கிலோஜூல் வேண்டும். அதே வெப்பத்தை, அதே 10 டிகிரி உயர்வில் காற்று வாங்கிக்கொள்ள வேண்டுமானால் 3,500 லிட்டர் காற்று வேண்டும்! அதனால் நீர்க் குளிர்விப்பான் கையடக்கமாக அமைந்து மூடிக்குள் அடங்கிவிட்டது. அந்த ஆண்டு கார்த் தயாரிப்பாளர்களுக்கான உலகச் சாம்பியன் பட்டத்தை 935 வென்றது.

அடுத்த தடை என்ஜினின் தலைப்பகுதியில் வந்தது. ஒரு சிலிண்டருக்கு இரண்டு வால்வுகளுக்குப் பதில் நான்கு வைத்தால் காற்று எளிதாக உள்ளே வரும், புகை எளிதாக வெளியே போகும். ஆனால் நான்கு வால்வுகளுக்கு நடுவே உள்ள உலோகம் மிகக் குறுகலானது. அடுப்பு வாய்போல் காய்வது. அங்கே துடுப்பு வைக்க இடமில்லை; விசிறிக் காற்றும் எட்டாது. குறுகிய சந்திலும் புகுந்து வெப்பத்தை அள்ளி வர நீரால்தான் முடியும்.

1978இல் செய்த 935/78 காரில் துணிந்து இறங்கினார்கள். சிலிண்டர்களுக்குப் பழையபடி காற்று. தலைப்பகுதிக்கு மட்டும் நீர். தலையும் சிலிண்டரும் சேரும் இடத்தில் வாயு கசியாமல் இருக்க இரண்டையும் பற்றவைத்தே ஒன்றாக்கினார்கள். 3,211 கன சென்டிமீட்டர் என்ஜின் 845 குதிரைத்திறன் வரை தந்தது. லெ மான் நேர்ப்பாதையில் மணிக்கு 366 கிலோமீட்டர் வேகம். அந்தப் பந்தயத்தில் எட்டாவது இடமே கிடைத்தது என்றாலும் வழி திறந்துவிட்டது.

ஒப்பிட்டுப் பாருங்கள். முழுவதும் காற்றால் குளிர்ந்த 917/30 லிட்டருக்குச் சுமார் 205 குதிரைத்திறன் தந்தது. நீர் குளிர்வித்த தலையுள்ள 935/78 லிட்டருக்குச் சுமார் 263 தந்தது.

இதே கலப்பு முறை 1986இல் 450 குதிரைத்திறன் கொண்ட 959 என்னும் சாலைக் காருக்கு வந்தது. கடைசியில் 1997இல் அறிமுகமான புதிய 911, முழுவதும் நீரால் குளிரும் என்ஜினுடன் வந்தது. 1998இல் காற்றால் குளிரும் 911இன் காலம் முடிந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளாகப் பெருமையாகக் காத்துவந்த ஒரு முறையை வெப்பக் கணக்கின் முன் விட்டுக்கொடுத்தார்கள். நல்ல பொறியாளருக்கு அளவீடுதான் முடிவு சொல்லும்.

நாம் கற்றுக்கொள்வது

டர்போ உள்ள காரை வாங்கிச் சிலர் 'இன்னும் கொஞ்சம்' என்று காற்றழுத்தத்தை மட்டும் கூட்டிவிடுவார்கள். முதலில் கார் பாய்ந்து ஓடும். பிறகு ஒரு நாள் பிஸ்டன் ஓட்டையாகி நடுவழியில் நிற்கும். காரணம் உங்களுக்கு இப்போது தெரியும். கூடுதல் திறனுடன் கூடுதல் வெப்பமும் வரும் என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள். முதலில் வெப்பம் வெளியேற வழி, பிறகே திறன். இதுவே முறை.

செய்து பாருங்கள்

ஒரு காலிக் கண்ணாடிப் பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் நிறுத்தி வையுங்கள். கொதிநீர் வேண்டாம்; பாட்டில் விரிசல் விடும். பிறகு அதன் வாயில் ஒரு பலூனை மாட்டி, பாட்டிலைக் குளிர்ந்த நீருக்கு மாற்றுங்கள். பலூன் பாட்டிலுக்குள் இழுக்கப்படும். குளிர்ந்ததும் உள்ளே இருந்த காற்று சுருங்கிற்று. வெளிக்காற்று பலூனைத் தள்ளிக்கொண்டு இன்னும் உள்ளே வர இடம் கிடைத்தது. 1978ஆம் ஆண்டு டர்போவின் குளிர்விப்பானில் நடந்ததும் இதுவேதான்.

சிந்தியுங்கள்

1. ஓர் என்ஜின் 10 டிகிரி செல்சியஸ் காலையில் உறிஞ்சும் காற்று, 40 டிகிரி பகலில் உறிஞ்சுவதைவிட எத்தனை சதவீதம் அதிகம்? அழுத்தம் மாறவில்லை எனக் கொள்க.

2. உயரமான மலைச் சாலையில் சாதாரணக் கார் திணறுவது ஏன்? டர்போ அங்கே எப்படி உதவும்?

3. குளிர்விக்கும் துடுப்புகள் ஏன் சில தடித்த தகடுகளாக இல்லாமல், பல மெல்லிய தகடுகளாக உள்ளன?

விடைகள்: 1. 313 ÷ 283 = 1.106, சுமார் 11 சதவீதம். 2. மேலே போகப் போகக் காற்றழுத்தமும் அடர்த்தியும் குறையும். எனவே ஆக்சிஜன் குறையும். டர்போ காற்றை அமுக்கி அந்தக் குறையை ஈடுசெய்யும். 3. அதே அளவு உலோகத்தில் அதிகப் பரப்பு கிடைக்கும்.